பழனி வரைக்கும் ஓட்டிய கதை

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று இரவு, தட்டில் தோசையை வைத்துக்கொண்டு என் மகள் கேட்டாள். "அம்மா, என் வயசுல நீங்க பழனி வரைக்கும் கார் ஓட்டுனீங்கல்ல? எனக்கு மட்டும் ஏன் சாவியே தர மாட்டேங்கறீங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் பழனிக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். ஒரு தடவை இல்லை, நூறு தடவை சொல்லியிருப்பேன். 1993-ம் வருடம், 15 வயதுப் பெண், பாவாடை தாவணி, பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனி. 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பக்கத்து சீட்டில் அப்பா, பின்சீட்டில் கந்தர் சஷ்டி சொல்லிக்கொண்டே வந்த அம்மா. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது பூக்கடைக்காரம்மா வாயைப் பிளந்து பார்த்தது வரைக்கும் சொல்வேன். கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் இந்தக் கதை வந்துவிடும். கேட்கிறவர்கள் கண் விரியும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

அப்பா பொள்ளாச்சியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோகும் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை. 1988-ல் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செகண்ட் ஹேண்டில் ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினார். இத்தாலியின் ஃபியட் 1100 கார்தான் பம்பாயில் தயாராகி, பிறகு பத்மினி என்று பெயர் மாறியது. அப்பா கடைசிவரை அதை ஃபியட் என்றுதான் சொன்னார். 1089 சிசி இன்ஜின். கியர் தரையில் இருக்காது, ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். முன்கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். இன்றைக்கு எந்த ஏசியிலும் அந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. (என் பிள்ளைகள் இதைக் கேட்டால் கண்ணை உருட்டுவார்கள்.)

மார்கழிக் காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, அது இருமி இருமி எழுந்திருக்கும். அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் வாசனை குப்பென்று வரும். "ஓவர்ஃப்ளோ ஆயிருச்சு கண்ணு. அஞ்சு நிமிஷம் அதைச் சும்மா விடு" என்பார் அப்பா. வால்பாறை மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவில் எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டுக் காத்திருப்போம். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, வெந்நீர் பீய்ச்சி அடிக்கும் என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அந்தக் காத்திருப்புகளில் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டது.

கரண்ட் போன ராத்திரிகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ரோட்டில் போகிற வண்டி எது என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். புல்லட்டும் லூனாவும் யாருக்கும் தெரியும். டீசல் அம்பாசடருக்கும் பெட்ரோல் அம்பாசடருக்கும் வித்தியாசம் சொன்னால்தான் அப்பா தலையாட்டுவார். லாரி லோடு ஏற்றிப் போகிறதா, காலியாகப் போகிறதா என்பது வரைக்கும் சொல்லுவார். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம் என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். அப்பா பதிலே சொல்லாமல், "இப்பப் போனது என்ன வண்டி கண்ணு?" என்று என்னிடம் கேட்டார்.

இப்போது நாங்கள் இருப்பது கோவையில். என் கணவருக்குக் கார் என்றால் நாலு சக்கரம், ஒரு ஏசி, அப்புறம் கலர். கல்யாணமான புதிதில் ஒரு மண்டப வாசலில் யாரோ ஒருவருடைய வெள்ளைக் காரில் சாவியை நுழைத்து ஐந்து நிமிடம் போராடியவர். அதனால் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தது முழுக்க முழுக்க நான்தான்.

சனிக்கிழமை காலையில் எங்கள் வேகன் ஆர் வாசலில் நிற்கும். 10 வயது மகன் டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளவு பார்ப்பான். துடைக்காமல் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும் என்று யார் வந்தாலும் வகுப்பு எடுப்பான். ஸ்டெப்னி மாற்றுவது மகளின் துறை. முதல் தடவை அவள் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிவிட்டு நட்டைக் கழற்றப் போனாள். ஸ்பேனரை அழுத்தினால் சக்கரமே கூடச் சுற்றியது. "இறக்கு. சக்கரம் தரையில இருக்கறப்பவே நட்டை லூஸ் பண்ணிக்கணும். அப்புறம்தான் ஜாக்கி" என்றேன். கைப்பலம் போதாமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தாள். நட்டு க்ரீச்சென்று விட்டுக்கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டும்போது வரிசையாக முறுக்காமல், எதிரெதிராக முறுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "ஏன், மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஆகாதா?" என்றார். மூன்று பேரும் அவரை ஒரே மாதிரி பார்த்தோம்.

சத்த விளையாட்டும் தொடர்கிறது. ஆனால் அது இப்போது கஷ்டமாகிவிட்டது. எல்லா காரும் ஒரே மாதிரி முனகுகிறது. போதாததற்கு கரண்ட் ஸ்கூட்டர்கள். நான் தோற்றுப்போகிற இடத்தில் மகள் ஜெயிக்கிறாள். "இன்ஜினைக் கேக்காதீங்கம்மா, டயரைக் கேளுங்க" என்பாள்.

போன வருடம் அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். ஜி.டி.நாயுடு குடும்பத்தாருடையது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய முதல் காரின் நகல் அங்கே நிற்கிறது. மூன்று சக்கரம், குதிரை இல்லாத குதிரை வண்டி மாதிரி இருக்கும். அதன் முன்னால் நின்று பெர்த்தா பென்ஸின் கதையைச் சொன்னேன்.

கார்ல் பென்ஸ் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், அந்த வரிசையில் வந்த ஒரு மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர். கூடவே இரண்டு பையன்கள். வழியில் பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மேட்டில் ஏறாதபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பயணம், ஒரு அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதுதான். எனக்கு இந்தக் கதை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது இப்படித் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

தோசை இரவில் முதலில் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். 18 வயது ஆகாமல் கார் ஓட்டினால், 2019-ல் வந்த திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயில், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று அடுக்கினேன்.

"அப்போ உங்க காலத்துல 18 வயசுன்னு சட்டம் இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்பிச்சி மட்டும் குடுத்தாங்க?"

நான் பேசவில்லை. அவள் விடவில்லை. "பெர்த்தா பென்ஸோட பெரிய பையனுக்கு 15 வயசுதானேம்மா? நீங்கதானே சொன்னீங்க." தம்பியும் சேர்ந்துகொண்டான். "நரேன் கார்த்திகேயன்கூட நம்ம ஊர்தான். அவங்கப்பாவும் ரேலி ஓட்டுனவராமா. சின்ன வயசுல கத்துக்காமயா ஃபார்முலா ஒன் போனாங்க?"

2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் கோவைக்காரர் என்பதை அவனுக்குச் சொன்னதும் நான்தான். வீட்டில் எல்லா ஆயுதமும் என் கையால் கொடுத்தது.

"அதெல்லாம் டிராக் சாமி. செட்டிபாளையம் டிராக்ல எதுத்தாப்புல சைக்கிள்ல பால்காரரு வர மாட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

மகள் தோசையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்தப் பால்காரரு?"

30 வருடத்துக்கு மேல் வாய்க்குள் இருந்தது, தோசைத் தட்டுக்கு முன்னால் நழுவிவிட்டது. அப்போதும் சமாளித்திருக்கலாம். பொதுவாகச் சொன்னேன் என்றிருந்தால் விட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. தம்பி தூங்கின பிறகு சொல்கிறேன் என்றேன்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் கீழே போய் காரில் உட்கார்ந்தோம். நான் டிரைவர் சீட், அவள் பக்கத்தில். லைட் போடவில்லை. என் கணவரும் வந்து, கேட்காமலே பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

பழனி போய் வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் போகும் ரோடு. நான் ஓட்டுகிறேன், இடது பக்கம் அப்பா. பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் டியூஷனுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்று ஹாரன் அடித்தேன். பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தார்கள்.

நான் முன்னால் திரும்பியபோது சைக்கிள் பானட்டுக்கு முன்னால் இருந்தது. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். அதனால் சக்கரம் ஏறவில்லை, பம்பர் இடித்தது. எங்கள் வீட்டுக்கே பால் ஊற்றுகிற அண்ணன்தான். ரோடு முழுக்கப் பால். கேன் உருண்டு போகிற சத்தம் நிற்கவே இல்லை. அவர் கால் இருக்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார்.

அப்பா இறங்கி ஓடினார். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இந்தப் பக்கம் நகந்து உக்காரு." கூட்டம் சேர்ந்தபோது நான் இடது சீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் அப்பா, தான் ஓட்டியதாகச் சொன்னார். கோர்ட்டில் அபராதம் கட்டினார். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். ஆறு மாதம் மாதாமாதம் அவர் வீட்டுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார். என்னைத் திட்டவே இல்லை. மறுநாள் விடியற்காலையில் எழுப்பி ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொடுத்தார். பம்பரில் பால் காய்ந்து போயிருந்தது. அதைத் துடைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

18 வயது ஆன அன்றுதான் அடுத்து அந்தச் சாவியைத் தொட்டேன். அப்பாவே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். அந்த அண்ணன் கால் சரியாகி மறுபடி பால் ஊற்ற வந்தார், லேசாக இழுத்து நடந்துகொண்டு. நான் பாத்திரத்தை நீட்டுவேன். அவர் ஊற்றுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் எனக்குக் கல்யாணமாகிக் கோவை வந்துவிட்டேன். பழனிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

சொல்லி முடித்ததும் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ வேகத்துல போனீங்க?" என்றாள்.

"40 இருக்கும்."

"எத்தனை செகண்ட் திரும்பிப் பாத்தீங்க?"

"ரெண்டு செகண்ட் இருக்குமா."

மனசுக்குள் கணக்குப் போட்டாள். பரீட்சை முடிந்த சூடு இன்னும் ஆறவில்லை. "22 மீட்டர்மா. நம்ம கேட்லருந்து அந்தப் பிள்ளையார் கோயில் வரைக்கும் யாருமே ஓட்டாம வண்டி போயிருக்கு."

பின்சீட்டிலிருந்து என் கணவர், "இத்தனை வருஷம் என்கிட்டக்கூட சொல்லலையே" என்றார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பிச்சி பொய் சொன்னது தப்புத்தானேம்மா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பாவை விட்டுக்கொடுத்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைக்குச் சாவியைக் கொடுத்ததும் அவர் ஆசைதான். அதை மறைத்ததும் அவர் ஆசைதான். இரண்டையும் நான் அன்பு என்ற ஒரே பெயரில் சுமந்துகொண்டிருந்தேன்.

"அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காங்க?" என்றாள். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றிவிட்டது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். அதே ரோடு. தென்னந்தோப்பு பாதி வீட்டுமனையாகிவிட்டது. பஸ் ஸ்டாப் இருந்த இடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்றுதான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

அவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் மகள் என்று சொன்னதும், "அட, வா அம்மிணி" என்று எழுந்திருக்கப் பார்த்தார். மோர் கொடுத்தார்கள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அண்ணா, அன்னைக்கு ஓட்டுனது நான்தாங்க" என்றேன்.

"தெரியாதா எனக்கு? உன்னைப் பாத்துக்கிட்டேதானே உழுந்தேன்." சிரித்தார். "போலீஸ்காரரு கேட்டப்ப உங்கப்பாதான்னு நானுஞ் சொல்லிப்போட்டேன். வயசுப் புள்ள, எதுக்கு ஸ்டேஷன் கோர்ட்டுன்னு."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். "மழைக்காலத்துல நோவும். அது கெடக்குது. அன்னைக்கு நாலு மாடு வெச்சிருந்தனுங்க. பாக்க ஆளில்லாம ரெண்டை வித்துப்போட்டேன். அதுதான் கொஞ்ச நாளைக்கு மனசுக்குச் சங்கட்டமா இருந்துச்சு." ஒருமையில் அம்மிணி என்று ஆரம்பித்தவர், மாட்டைப் பற்றிச் சொல்லும்போது ஏனோ மரியாதைக்கு மாறியிருந்தார். மாடு விற்ற கதை எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா, இனிமேல் யாரைக் கேட்பது?

அப்போது சந்துக்குள் ஒரு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. என் மகன் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டான். "டாடா ஏஸ்" என்றான். "லோடோட வருது" என்றாள் மகள். அவருடைய பையன் தீவன மூட்டைகளோடு வந்து இறங்கினார்.

பெரியவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, ரோட்டில் போன டிராக்டர், டிவிஎஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பரீட்சை வைத்தார். உங்க அப்பிச்சியும் இப்படித்தான் சொல்லுவாரு என்றார். கிளம்பும்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கியே, ஓட்டத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார்.

"இன்னும் 2 வருஷம் 4 மாசம் இருக்குதுங்க தாத்தா" என்றாள் அவள்.

"அப்ப வா. உன் வண்டியில என்னையப் பழனிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.